மூன்று டிக், ஒரு டொப்

"நல்லாக் கேளு. எண்ணு," என்றாள் லோர்னா பிரிஸ்கோ.

தனாசி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். பிளேயரில் மௌத் ஆர்கன் ஒன்று தனியாக அழுது ஓய்ந்தது. பின்னால் வந்த வயலின்களுக்கு நடுவே, மிக மெல்லிசாக, ஏதோ ஒன்று சொடுக்கியது.

"டிக். அப்புறம் ஒரு டிக். அப்புறம் இன்னொண்ணு. மொத்தம் மூணு, பாஸ். யாரோ பின்னாடி உக்காந்து நகம் வெட்டியிருக்காங்க."

"இடைவெளி?"

"மூணும் ஒரே அளவு. ரெண்டு செகண்டுக்குக் கொஞ்சம் குறைச்சல்."

"ஒண்ணு புள்ளி எட்டு. தட்டு ஒரு தடவை சுத்தி வர்ற நேரம் அது. தட்டுல குறுக்க ஒரு கீறல் இருந்தா, ஒவ்வொரு சுத்துக்கும் ஊசி அதுல இடிச்சுட்டு வரும். டேப்புல இப்படிக் கேக்கறதுக்கு வழியே இல்ல." லோர்னா எதிரே இருந்தவளைப் பார்த்தாள். "ஆனா உங்க உறையில 'மூல டேப்பிலிருந்து நேரடியாக'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்க, ப்ரான்வின்."

ப்ரான்வின் கியோ உட்கார்ந்திருந்த நாற்காலி கிறீச்சிட்டது. நாற்பத்தாறு வயது. பிரஸ்டனில் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் 'ஸ்டம்பிடெயில் ரெக்கார்ட்ஸ்' என்று குட்டிக் கம்பெனி நடத்துகிறாள். கிடைக்காமல் போன பழைய திரைப்பட இசைத்தட்டுகளைப் புதிதாக அச்சடித்து வெளியிடுவதுதான் பதினோரு வருடப் பிழைப்பு. இப்போது கையிலிருப்பது 1976-இல் வந்த 'தூசிப் பருவம்' படத்தின் இசை. இசையமைத்த லென் ஹேவர்ஃபீல்ட் காலமாகிவிட்டார். அன்றைக்கு அடித்ததே இருநூறு தட்டு. அதில் ஒன்றுக்காகச் சேகரிப்பாளர்கள் சொந்தத் தம்பியையே சந்தேகப்படுவார்கள்.

உறைகள் அச்சாகி வந்துவிட்டன. ஆலையிலிருந்து சோதனைத் தட்டு மட்டும் முதலில் வந்தது. அதை ஆசையாக இசைத்தட்டுச் சேகரிப்பாளர் கிளப்புக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினாள். மூன்று டிக்கையும் கேட்டுவிட்டார்கள்.

"இன்னிக்கு நாலு மணிக்கு ஓட்டெடுப்பு," என்றாள் ப்ரான்வின். "மெர்வ் டாக்கெட் தீர்மானம் கொண்டு வர்றார். கிளப்போட பதிவுப் புத்தகத்துல கடைசிப் பக்கம்னு ஒண்ணு இருக்கு. தட்டுல இருந்து திருட்டுத்தனமா எடுத்துட்டு டேப்புன்னு பொய் சொல்றவங்க பேரை அதுல எழுதுவாங்க. ஊசிக்காரின்னு. இதுவரைக்கும் நாலு பேர்."

"அவங்க இப்ப என்ன பண்றாங்க?" என்று கேட்டான் தனாசி.

"ஒருத்தர் புல்லு வெட்டற மெஷின் ரிப்பேர் பண்றார். மத்தவங்களைப் பத்தித் தெரியாது. அந்தப் பக்கத்துல பேரு ஏறிட்டா எந்தக் கடையும் தட்டை வாங்கி வைக்காது. எந்தக் குடும்பமும் டேப்பை நம்பித் தராது. என்கிட்ட இருக்கறது இந்தப் பேரு ஒண்ணுதான். அது போனா நான் போன மாதிரிதான்."

அவள் அழவில்லை. கட்டை விரல் நகத்தால் மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். லோர்னா அந்த விரலையே கவனித்தாள். ஹை ஸ்ட்ரீட்டில் மீன் வறுவல் கடைக்கு மேல் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறப்பதற்கு முன், பத்தொன்பது வருடம் எண்பத்தாறாம் நம்பர் டிராமில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள் அவள். டிக்கெட்டை அவள் பார்த்ததே இல்லை, முகத்தைத்தான் பார்ப்பாள் என்று தனாசி எல்லோரிடமும் சொல்லுவான். அவன் அதற்கு முன் பார்சல் வண்டி ஓட்டியவன். லோர்னாவிடம் அவனுக்கு மூன்று வேலை: கார் ஓட்டுவது, சாமான் தூக்குவது, வாயை மூடிக்கொண்டிருப்பது. மூன்றாவதை அவன் இன்றுவரை செய்ததில்லை.

"டேப் எப்படி வந்தது?"

"லென்னோட பொண்ணு ராஸ் மில்டூராவுல இருக்காங்க. அப்பாவோட கொட்டகையைச் சுத்தம் பண்ணும்போது கிடைச்சதாம். எங்க கிளப் செயலாளர் வெண்டல் ஆஷ்பிதான் போய் வாங்கிட்டு வந்து கொடுத்தார். என் பக்கம் பேசற ஒரே ஆளும் அவர்தான். கிளப்புல எல்லாருமே டேப்பைப் பார்த்தாங்க. பெட்டி, லென்னோட கையெழுத்து, சுருள் மேல இருக்கற நம்பர், அத்தனையும் அசல்னு அந்த மெர்வே சொன்னார்."

"நீங்க போட்டுக் கேட்டீங்களா?"

நகம் நின்றது. "இல்ல. அதைப் போடற மெஷின் என்கிட்ட இல்ல. சிட்னியில ஒரு இன்ஜினியருக்கு அனுப்பிப் படியெடுத்தேன். பழைய டேப்போட இரைச்சல்னு நினைச்சு அவர் சுத்தம் பண்ணியிருக்கார். டேப் இன்னும் அவர்கிட்டதான் இருக்கு. டேப்புல இருந்தது இதுதான்னு அவரும் சொல்றார். நீயும் அவனும் கூட்டுக் களவாணின்னு சொல்லிட்டார் மெர்வ். பழைய டேப்பைப் போடறதுக்கு முன்னாடி லேசான சூட்டுல வேக வைக்கணும். நான் அதிகமா வேக வெச்சுப் பாழாக்கிட்டேனாம். அதை மறைக்க யாரோட தட்டையோ வாங்கிப் பதிவு பண்ணிட்டேனாம்."

லோர்னா ஊசியை மறுபடி அதே இடத்தில் வைத்தாள். இந்தத் தடவை ஒலியை ஏகத்துக்குக் கூட்டினாள். கீழே மீன் கடையில் யாரோ கத்தினார்கள். மூன்றாவது டிக் முடிந்ததும் அவள் கை சட்டென்று உயர்ந்தது.

"இப்ப கேட்டது என்ன, தனாசி?"

"டொப்னு ஏதோ. ரொம்ப மெதுவா."

"கிளப்புல யாராவது இதைப் பத்திப் பேசினாங்களா?"

ப்ரான்வின் இல்லையென்று தலையாட்டினாள். "டிக்கைப் பத்தி மட்டும்தான் பேச்சு."

"நல்லது. அதை நாமளும் பேச வேணாம்," என்றாள் லோர்னா.

ப்ரான்வின் படியிறங்கிப் போனதும் தனாசி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். அவளுடைய யூட் என்கிற குட்டி லாரியின் பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. அவள் ஒரு முறை சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள்.

"பாஸ், எனக்கென்னவோ நம்ம ஆள் மேலயே சந்தேகம். அவங்ககிட்ட அடுப்பு இருக்கு, மெஷின் இல்ல, சாட்சி சிட்னியில இருக்கார். திருடறதுக்கு இதைவிட வசதி வேற என்ன வேணும்?"

"எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு," என்றாள் லோர்னா. "கூலி கொடுக்கறதால யாரும் யோக்கியமாயிட மாட்டாங்க. ஆனா கீறலுக்குச் சொந்தக்காரன் ஒருத்தன்தான். ஒவ்வொரு தட்டுலயும் ஒவ்வொரு இடத்துல கீறல் விழும். எந்தத் தட்டுல இந்த மூணு டிக் இருக்கோ, அந்த வீட்டுலதான் பதிவு நடந்திருக்கு. வண்டியை எடு."

*

கிளப்பின் பதிவுப் புத்தகத்தில் 'தூசிப் பருவம்' அசல் தட்டு ஐந்து பேரிடம் இருப்பதாகக் குறித்திருந்தது. அதில் இரண்டைக் காலையிலேயே கேட்டாயிற்று, சுத்தம். மூன்றாவது மெர்வ் டாக்கெட்டுடையது. நான்காவது செயலாளர் வெண்டலுடையது: கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது, ஊசியே படாதது. ஐந்தாவது மில்டூராவில் ராஸ் வைத்திருப்பது. அதற்கு எதிரே 'உறையை நாய் கடித்துவிட்டது, கணக்கில் சேராது' என்று எழுதி அடித்திருந்தார்கள்.

"தட்டை விட்டுட்டு உறைக்கு மார்க் போடறவங்களை இப்பத்தான் பார்க்கறேன்," என்றான் தனாசி. "இவங்க கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கப் போனா, வீட்டு வாசல் கதவைத்தான் பார்ப்பாங்க போல."

மெர்வின் வீடு ரெஸர்வாரில். கொசுவலைக் கதவைத் திறக்காமலே அவர் பேசினார். அறுபத்தைந்து வயது, கழுத்தே இல்லாத உடம்பு, கிரிக்கெட் அம்பயர் தொப்பி.

"அந்தப் பொம்பளை அனுப்பின ஆளுங்களா நீங்க?"

"உங்க தட்டை ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறோம், மெர்வ். ரெண்டாம் பக்கம், மூணாவது பாட்டு மட்டும். மூணு நிமிஷம்கூட ஆகாது," என்றாள் லோர்னா.

"முடியாது."

"அப்ப பார்த்துட்டாவது போறோம்."

மெர்வ் தயங்கினார். உள்ளே போய் வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு, உறையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அமுக்கிப் பிடித்தபடி வந்தார். லோர்னா கதவைத் திறந்து கையை நீட்டியதும் இரண்டடி பின்வாங்கினார். மேலுதட்டில் வேர்வை. வெளியே பதினாலு டிகிரிதான் இருக்கும்.

"கடைசியா எப்ப போட்டுக் கேட்டீங்க?"

"போன... டிசம்பர்ல. அதுக்கென்ன இப்போ?"

"ஜனவரியில கேட்கலையா?"

"கிளம்புங்க ரெண்டு பேரும். அந்தப் பொம்பளை பேரை நான்தான் என் கையால எழுதப் போறேன். நாலு மணிக்கு வந்து பாருங்க."

கதவு சாத்திய வேகத்தில் தொட்டிச் செடி ஆடியது. காருக்கு வந்ததும் தனாசி ஸ்டியரிங்கைத் தட்டினான்.

"கேஸ் முடிஞ்சுது, பாஸ். ஆள் வேர்த்து ஒழுகறார். அவர் தட்டுல இருந்துதான் பதிவாகியிருக்கு. தானே செஞ்சுட்டுத் தானே கூச்சல் போடறார்."

"டிராம்ல டிக்கெட் வாங்காதவனுக்கு மட்டும்தான் வேர்க்கும்னு நினைக்காத. வாங்கின டிக்கெட்டைத் தொலைச்சவனுக்கும் வேர்க்கும்." காலையிலேயே தட்டோடு கிளம்பி வரச் சொல்லியிருந்த ராஸைக் கைபேசியில் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டாள். "ராஸ், எங்க இருக்கீங்க?"

"பெண்டிகோ தாண்டிட்டேன்," என்றது ஒரு கரகரத்த பெண் குரல். "அப்பா எனக்குக் கொடுத்த தட்டைப் பக்கத்து சீட்டுல வெச்சு பெல்ட் போட்டுக் கூட்டிட்டு வர்றேன். இதுல ஒரு கீறல்கூட இல்லைங்க. நாய் உறையைத்தான் தின்னுச்சு."

"வந்ததும் உள்ளே போகாதீங்க. கார் பார்க்கிங்ல இருங்க," என்றாள் லோர்னா. பிறகு தனாசி பக்கம் திரும்பினாள். "உன்கிட்ட கத்தரிக்கோல் இருக்கா?"

"இல்ல. சாசேஜ் ரோல் வாங்கின பேப்பர் பை இருக்கு."

"வெள்ளையா இருக்கா?"

"எண்ணெய் படாத பக்கம் வெள்ளைதான்."

"அது போதும்."

*

தார்ன்பரியில் லான் பௌல்ஸ் கிளப்பின் கூடத்தைச் சனிக்கிழமைகளில் சேகரிப்பாளர் கிளப்பார் வாடகைக்கு எடுப்பார்கள். வெளியே புல்வெளியில் வெள்ளைச் சட்டைக் கிழவர்கள் பந்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பத்தொன்பது பேர். தேநீர் கொதிகலம் ஒரு மூலையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ப்ரான்வின் முதல் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று நாற்காலிகள் காலி. ஏற்கனவே தீர்ப்பு எழுதிவிட்ட கூட்டம் அது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

மேசைக்குப் பின்னால் வெண்டல் ஆஷ்பி. எழுபத்தோரு வயது, மடிப்புக் கலையாத கம்பளிச் சட்டை. நாற்பது வருடம் ரேடியோவில் வானிலை வாசித்தவர். புயல் வரப்போகிறது என்று சொன்னால்கூட நன்றி சொல்லத் தோன்றும், அப்படி ஒரு குரல். மேசையில் பிளேயர். அதற்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட அவருடைய தட்டு, பிளாஸ்டிக் உறை பிரிக்காதது. முக்கியமான கூட்டங்களுக்கு மட்டும் அதை எடுத்து வருவார். உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் அதற்கு முன் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் போனார்கள்.

"நண்பர்களே, அவசரப்பட வேண்டாமே," என்றார் வெண்டல். "ப்ரான்வின் நம்ம பொண்ணு. தப்பு எல்லாரும்தான் பண்றோம். ஒரு மாசம் தள்ளிப் போடலாம்."

ப்ரான்வின் அவரை நன்றியோடு பார்த்தாள்.

"ஒரு மாசம் தள்ளினா ஊசிக்காரி டேப்காரி ஆயிடுவாளா?" என்றார் மெர்வ். அவருடைய தட்டு அவர் மடியில், அதே கையுறைகளுக்கு நடுவில். "புத்தகத்தை எடுங்க."

லோர்னா எழுந்தாள். "எழுதறதுக்கு முன்னாடி அந்தப் பாட்டை ஒரு தடவை எல்லாரும் கேட்டுடுங்க. ஒரு மனுஷியோட பேரை எழுதப் போறீங்க. மூணு நிமிஷம் செலவழிக்கலாம்."

முணுமுணுத்தார்கள், ஆனால் மறுக்கவில்லை. பாட்டைக் கேட்க மாட்டேன் என்று சொல்லும் தைரியம் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் கிடையாது. லோர்னா கைப்பையிலிருந்து ஒரு தட்டை எடுத்துத் தானே வைத்தாள். நடுவில் வெள்ளை வட்டம். சோதனைத் தட்டுக்கு நடுவில் எதுவும் அச்சிடமாட்டார்கள், வெறும் வெள்ளைதான் இருக்கும். கூர்ந்து பார்த்தால் வட்டத்தின் ஓரம் கொஞ்சம் கோணல். எண்ணெய்க் கறை எங்காவது தெரிகிறதா என்று தனாசி எட்டிப் பார்த்தான்.

"வழக்கப்படி," என்றார் வெண்டல். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

அதுதான் இந்தக் கிளப்பின் வழக்கம். கேட்கும்போது பேச்சு இல்லை, அசைவு இல்லை, கண் திறப்பதே கிடையாது. இருபது வருடமாக இந்தக் கூடத்தில் பாட்டு ஓடும்போது யார் என்ன செய்கிறார்கள் என்பதை யாருமே பார்த்ததில்லை. இன்று இரண்டு பேர் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தார்கள்.

மௌத் ஆர்கன் தொடங்கியது. தனாசி மெர்வை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மெர்வ் இரண்டு கையாலும் தன் தட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிலையாக இருந்தார். மௌத் ஆர்கன் ஓய்ந்தது. ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. வயலின்கள் வந்தன. டிக் வரவேண்டிய இடம் வந்தது. வரவில்லை. ஒன்றுகூட வரவில்லை.

டொப்.

கூடம் முழுக்கக் கேட்டது. ஊசி ஒரு துள்ளு துள்ளி அடுத்த பள்ளத்துக்குத் தாவியது. பத்தொன்பது ஜோடிக் கண்களும் திறந்தன.

வெண்டல் ஆஷ்பியின் வலது உள்ளங்கை மேசை விளிம்பின் மேல் இருந்தது. அவரே அதை யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தார்.

"மன்னிக்கணும், கை தவறிப் பட்டுடுச்சு," என்றார்.

"இருக்கலாம்," என்றாள் லோர்னா. இப்போது உண்மையான சோதனைத் தட்டை எடுத்து வைத்தாள். ஒலியைக் கூட்டினாள். டிக். டிக். டிக். அதை ஒட்டி, அதே வயலின் மேல், அதே கணத்தில், மங்கலாக ஒரு டொப்.

யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"கீறல் விழுந்த தட்டு சில சமயம் ஒரே இடத்துல மாட்டிக்கும்," என்றாள் லோர்னா. "அந்த வீட்டுக்காரருக்கு அது பழகிப் போயிடும். அந்த இடம் வர்றப்ப மேசையை மெதுவா ஒரு தட்டு தட்டுவார், ஊசி தாண்டிப் போயிடும். வருஷக்கணக்கா அப்படிச் செஞ்சா, யோசிக்கவே வேணாம், கை தானா விழும். பதிவு பண்ணின அன்னிக்கும் தட்டினார். அது பாட்டோட சேர்ந்து பதிவாயிடுச்சு. நீங்க எல்லாரும் டிக்கைப் பிடிச்சீங்க. இந்த டொப்பை விட்டுட்டீங்க."

"ஆனா முதல்ல போட்ட தட்டுல டிக்கே கேட்கலையே?" என்றார் மெர்வ்.

"அது வேற தட்டு." தனாசி பெருமையோடு போய்ப் பேப்பர் வட்டத்தைப் பிய்த்தான். அடியில் 1976-இன் பச்சை முத்திரை இருந்தது. "நாய் கடிச்ச உறைக்குள்ள இருந்தது. உங்க புத்தகத்துல கணக்குல சேராத தட்டு. சாசேஜ் ரோல் உபயம் என்னுது."

கூடத்தின் பின்கதவைத் திறந்துகொண்டு ராஸ் ஹேவர்ஃபீல்ட் உள்ளே வந்தாள். அறுபதைத் தாண்டியவள், திராட்சைத் தோட்டக்காரி, ஏழு மணி நேரம் கார் ஓட்டிய களைப்பு முகத்தில். வந்தவள் யாரையும் பார்க்காமல் வெண்டலைப் பார்த்தாள்.

"அபத்தம்," என்றார் வெண்டல். ரேடியோக் குரல் கொஞ்சமும் கலையவில்லை. "என் தட்டை ஊசியே தொட்டதில்ல. இதோ, எல்லார் கண் முன்னாடியும் இருக்கு. பிரிக்காத உறை."

"பிரிச்சுப் பார்த்துடலாமே," என்றாள் லோர்னா.

மெர்வ் எழுந்து வந்து கண்ணாடிச் சட்டத்தின் மேல் கை வைத்தார். வெண்டலின் முகம் அப்போதுதான் மாறியது.

"வேணாம், மெர்வ். பிரிக்காத." குரல் உடைந்தது. "நானே சொல்றேன். அந்த உறையை மட்டும் விட்டுடு. நான்தான்."

வெளியே ஒரு பந்து இன்னொரு பந்தில் மோதியது கேட்டது.

"வாங்கின மறுவருஷமே பிரிச்சுட்டேன்," என்றார் வெண்டல். "எத்தனை நாள்தான் பார்த்துக்கிட்டே இருக்கறது? வாரா வாரம் போட்டுக் கேட்டேன். கீறினதும் நான்தான். அப்புறம் ஒருநாள் நீங்க எல்லாரும் வீட்டுக்கு வந்தப்ப, பிரிக்காத தட்டுன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். பார்சல் பேக் பண்ற கடையில புதுசா பிளாஸ்டிக் போட்டேன். அன்னியில இருந்து இந்த ஊர்ல நான் யாருன்னு கேட்டா, அந்தத் தட்டை வெச்சிருக்கறவன். ரேடியோவுல இருந்து ஓய்வாகி வந்தப்புறம் எனக்குன்னு வேற என்ன இருந்துச்சு? அந்தப் பாட்டை எல்லார் வீட்டு அலமாரியிலயும் கொண்டு வந்து வைக்கப் போறேன்னா ப்ரான்வின். இது நாறிப் போச்சுன்னா இனி யாரும் இதைத் தொட மாட்டாங்கன்னு நினைச்சேன். பேரை எழுதற அளவுக்கு மெர்வ் போவான்னு நான் நினைக்கல. அதனாலதான் தள்ளிப் போடச் சொன்னேன்."

"என் பேரு," என்றாள் ப்ரான்வின்.

"அப்ப டேப்பை மாத்திட்டு வேற டேப்பைக் கொடுத்தீங்களா?" என்று கேட்டான் தனாசி. "அசல் எங்க இருக்கு?"

வெண்டல் தலையைக் குனிந்துகொண்டார். தனாசி லோர்னாவைப் பார்த்தான். அவள் முகத்தில் வெற்றிக் களையே இல்லை. அவளுக்கு விடை முன்பே தெரிந்திருக்கிறது, கேட்கத்தான் பிடிக்கவில்லை என்று அவனுக்கு உறைத்தது.

"பெட்டி அசல், கையெழுத்து அசல், சுருளும் அசல்னு இந்தக் கூடமே சாட்சி சொன்னதே, தனாசி," என்றாள் அவள் மெதுவாக. "வேற டேப் எங்கிருந்து வரும்?"

ராஸ் மேசை வரைக்கும் நடந்து வந்தாள். "வெண்டல், நீங்க எங்க வீட்டுல சாப்பிட்டுட்டு வாங்கிட்டுப் போனீங்க. எங்க அப்பா டேப் எங்க?"

"சிட்னியில இருக்கறது அதுதான், ராஸ்." அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "அது மேலயே பதிவு பண்ணிட்டேன்."

நாற்பத்தெட்டு வருடம் ஒரு கொட்டகையில் எலிக்கும் வெயிலுக்கும் தப்பித்துக் கிடந்தது. நேசிக்கிறவன் கையில் கிடைத்துப் பன்னிரண்டு நாளில் அழிந்தது. பெட்டியைத் தடவிப் பார்த்தவர்கள் பத்தொன்பது பேர். கேட்டுப் பார்த்தவர் இங்கே ஒருவரும் இல்லை. அந்த வெட்கம் கூடத்தில் எல்லோர் முகத்திலும் ஏறியது.

மெர்வ்தான் முதலில் அசைந்தார். கையுறைகளைக் கழற்றினார். உறைக்குள்ளிருந்து தன் தட்டை உருவி மேசையில் போட்டார். அது தட்டாக இல்லை, சாலட் கிண்ணம் மாதிரி குழிந்து போயிருந்தது.

"ஜனவரி வெயில்ல டார்க்கி பீச்சுல இருபது நிமிஷம், காரோட பின் கண்ணாடிக்குக் கீழ வெச்சுட்டேன்," என்றார். "வெளியில சொல்ல வெட்கமா இருந்துச்சு. நானும்தான் உறையைக் காட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்." தொப்பியைக் கழற்றிவிட்டு ப்ரான்வின் பக்கம் திரும்பினார். "தீர்மானத்தைத் திரும்ப எடுத்துக்கறேன். உன் பேரு எங்கயும் ஏறாது. என்னை மன்னிச்சுடும்மா."

யாரோ கைதட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். ப்ரான்வின் எழுந்து நின்றாள். அவள் முகத்தில் நிம்மதியே இல்லை.

"நான் பொய் சொல்லலைன்னு இப்ப எல்லாருக்கும் தெரியும். சரி. ஆனா வெளியில என் வண்டியில முந்நூறு உறை இருக்கு. ஒவ்வொண்ணுலயும் மூல டேப்பிலிருந்துன்னு அச்சடிச்சிருக்கு. இப்ப அதை வித்தா, நான் தெரிஞ்சே பொய் சொன்னவளாயிடுவேன்." அவள் ராஸைப் பார்த்தாள். "அழிஞ்சதை என்னால கொண்டு வர முடியாது. உங்க தட்டைக் கொடுத்தா, அதுல இருந்து எடுத்துப் போடறேன். தட்டுல இருந்து எடுத்ததுன்னு சொல்லியே போடறேன்."

ராஸ் மேசையிலிருந்து தன் தட்டை எடுத்துக்கொண்டாள். கண்ணைத் துடைக்கவில்லை. "எங்க அப்பா பாட்டை ஜனங்க கேக்கணும்," என்றாள். "பெட்டிக்குள்ள இருந்து என்ன பிரயோஜனம்? ஆனா இனிமே உறையில ஒரு பொய்யும் இருக்கக் கூடாது."

"மறுபடி அச்சடிக்க என்கிட்ட வழியில்ல."

"பேனா இருக்குல்ல?" என்றார் மெர்வ்.

தனாசிக்கு அதன் கனம் உடனே புரியவில்லை. மற்றவர்கள் மெர்வைப் பார்த்த பார்வையிலிருந்துதான் புரிந்தது. இவர்களிடம் கொலைக்கு மன்னிப்பு உண்டு. உறை மேல் பேனா மை படுவதற்குக் கிடையாது. ஒரு எழுத்து விழுந்தாலே அந்தத் தட்டின் தரம் பாதாளத்துக்குப் போய்விடும், யாரும் சீந்தமாட்டார்கள்.

தார்ப்பாயை அவிழ்த்து உறைகளைத் தனாசிதான் தூக்கி வந்தான், ஆறு தடவை. வெண்டல் எப்போது எழுந்து போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. அவருடைய கண்ணாடிச் சட்டம் மேசையிலேயே கிடந்தது. யாரோ இடம் போதவில்லை என்று அதை எடுத்துத் தரையில் வைத்தார்கள்.

மெர்வ் முதல் உறையை எடுத்தார். வெறும் கைதான். அச்சடித்த வரியின் மேல் ஒரு கோடு இழுப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. கீழே எழுதினார்: 'டேப் அழிந்துவிட்டது. இது ஒரு தட்டிலிருந்து எடுத்தது.' எழுதிவிட்டு ப்ரான்வினிடம் நீட்டினார். அவள் அதன் அடியில் தன் பெயரை முழுசாக எழுதி, காயட்டும் என்று ஜன்னலோரம் வைத்தாள். அதற்குள் அவளுக்கு இரண்டு பக்கமும் இருந்த நாற்காலிகள் நிறைந்துவிட்டன. அடுத்த ஆள் பேனாவுக்குக் கை நீட்டினார்.